என் கையைப் பார்த்து வந்த ஜீப்

கொரோனா வருவதற்கு முந்தைய வருஷம், மழை முழுதாக ஓய்ந்து குளிர் லேசாக எட்டிப்பார்த்த ஒரு சனிக்கிழமை. ரங்கூனிலிருந்து விடிவதற்குள் கிளம்பி, மாவ்பியில் ஒரு கடையில் மொகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, பிரோம் ரோட்டில் இன்னும் ஒரு மணி நேரம் வடக்கே போய், வலது பக்கம் மலையடிவாரத்துக்குப் பிரிகிற மண்பாதையில் இறங்கினோம். இரண்டு வண்டி, நாலு பேர், ஒரு ராத்திரிக்கான கூடாரம், அரிசி, முட்டை, கருவாடு. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை நாங்கள் செய்கிற காரியம்தான்.

ஜீப்புக்குச் சொந்தக்காரன் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறான். இரண்டாவது வண்டியான பிக்கப், தார்ப்பாயும் கயிறும் விற்கிற பாயுடையது. அவர் எங்களைவிட ஐந்தாறு வயது பெரியவர், சமையலும் அவர்தான். நாலாவது ஆள் அந்த ஜீப்கார நண்பனின் மகள். இருபத்திரண்டு வயது. நாங்கள் பேசுகிற தமிழ் அத்தனையும் அவளுக்குப் புரியும், ஆனால் பதில் பர்மிய மொழியில்தான் வரும். படம் எடுக்க வேண்டும் என்று அந்த முறை அவளும் கூட வந்திருந்தாள்.

என்னிடம் வண்டி கிடையாது. அதைவிடக் கேவலம், எனக்கு ஓட்டவும் தெரியாது. துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங்கில் ஒரு சரக்குக் கிளியரிங் ஆபீஸில் கிளார்க் வேலை. பெட்டிகளின் மேல் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்துக் காகிதத்தோடு ஒத்துப்பார்க்கிற உத்தியோகம். இப்படிப்பட்டவனுக்கு ஜீப் கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருந்தது, அதுவும் பெரிய வேலை என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் நாட்டில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் போகும். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். அதனால் ஓட்டுகிறவர் ரோட்டோரமாக உட்கார்ந்திருப்பார். முன்னே போகும் பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால், எதிரே லாரி வருகிறதா, மாட்டுவண்டி வருகிறதா என்பது அவருக்குத் தெரியாது. இடது ஸீட்டில் இருப்பவர்தான் தலையை நீட்டிப் பார்த்து, போகலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். மண்பாதையில் இந்த வேலை இன்னும் கடினமாகிவிடும். பள்ளமோ பாலமோ வந்தால் அந்த ஆள் கீழே இறங்கி, அக்கரைக்குப் போய், வண்டியைப் பார்த்து நின்று, கையசைத்துக் கூட்டிவர வேண்டும். ஓட்டுகிறவன் பாதையைப் பார்க்கக் கூடாது, எதிரே நிற்பவனின் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். இது எங்களுக்குள் இருந்த சட்டம். பதினோரு வருஷமாக அந்தக் கை என்னுடையது. "உன் கண்ணு இருக்கிற வரைக்கும் என் ஜீப்புக்குக் கீறல் விழாது" என்று என் நண்பன் நாலு பேர் நடுவில் சொல்லும்போது, ஜீப்பே எனக்குச் சொந்தமானது போல இருக்கும்.

விஷயம் என்னவென்றால், அந்த வருஷம் மழைக்காலத்திலிருந்தே என் கண் சரியில்லை. முதலில் பல்பு மங்கலாக எரிகிறது என்று நினைத்தேன். எங்கள் பேட்டையில் கரண்ட் வருவதும் போவதும், வந்தால் அரை உயிரோடு எரிவதும் சகஜம் என்பதால் பழியைப் போடுவது சுலபமாக இருந்தது. என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னபோது, வோல்டேஜைப் பார்க்க ஆஸ்பத்திரி எதற்கு என்று அவளையே கிண்டல் செய்தேன். ஆபீஸில் பெட்டி எண்களைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தேன். ஆதாரத்துக்குப் படம் எடுக்கிறான், என்ன பொறுப்பான ஆள் என்று மேனேஜர் பாராட்டவும் செய்தார். எனக்குத் தெரியும், இது வோல்டேஜ் இல்லை என்று. சொன்னால் ஆபீஸில் என்ன ஆகும் என்கிற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த இடது ஸீட் போய்விடுமே என்பதுதான். கண் இல்லையென்றால் எனக்கு அந்தக் கூட்டத்தில் வெங்காயம் உரிக்கிற வேலைகூடக் கிடைக்காது, பாய் அதையும் தானே செய்பவர்.

அன்று காலை பிரோம் ரோட்டில் முன்னால் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் தலையை நீட்டிப் பார்த்தேன். எதிரே பனியும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து பால் மாதிரி இருந்தது. ரோடு காலியா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. "இரு, சொல்றேன்" என்றேன். என் நண்பன் அவசரப்படவில்லை. "எதுக்குத் தாண்டணும், சாவகாசமா போவோம்" என்று அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே முக்கால் மணி நேரம் ஓட்டினான். வழக்கமாக அரை நிமிஷம் பொறுக்க மாட்டாதவன். அவனுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் இருந்த சின்ன ஊரில் நிறுத்தி, ஊர்த்தலைவர் வீட்டில் எங்கள் நாலு பேரின் பெயரையும் அடையாளக் கார்டு எண்களையும் எழுதிக்கொடுத்தோம். வெளியாள் எங்கே ராத்திரி தங்கினாலும் அது முறை. அங்கிருந்து மூங்கில் காட்டுக்குள் போனால் ஓர் ஓடை, ஓடையின் மேல் மாட்டுவண்டிக்காகப் போட்ட மரப்பாலம். பாலம் என்றால் பலகை அடித்ததல்ல. இடது சக்கரத்துக்கு இரண்டு மரம், வலது சக்கரத்துக்கு இரண்டு மரம், நடுவில் ஒன்றுமில்லை, கீழே பத்தடிப் பள்ளம், பள்ளத்தில் பாறையும் கணுக்கால் தண்ணீரும். நாங்கள் போய்ச் சேர்ந்தது உச்சி வேளை. நிழல் விழாத நேரமாதலால் மரங்கள் கறுப்பாகத் துலக்கமாகத் தெரிந்தன. இரண்டு வண்டியையும் கையசைத்து அக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிராந்தி என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன்.

அன்றைய மாலை மிக நன்றாக இருந்தது. ஓடையோரத்தில் கூடாரம் போட்டோம். பாய் கருவாட்டை வறுத்து, பூண்டும் மிளகாயும் தட்டிப்போட்டு ஒரு குழம்பு வைத்தார். மகள் படம் எடுத்துக்கொண்டே திரிந்தாள். எல்லாருக்கும் டீ ஊற்றித் தருகிறேன் என்று நான் கெட்டிலைத் தூக்கினேன். அவள் நீட்டிய கப்பில் ஊற்றியபோது பாதி அவள் விரல்களுக்குப் பக்கத்தில் மண்ணில் விழுந்தது. நான் சட்டென்று "கெட்டில் மூக்கு கோணல்" என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் கப்பை நகர்த்தி, டீ விழுகிற இடத்தில் வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பர்மியர்களிடம் 'ஆனாதே' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவர் மனம் சங்கடப்படுமே, முகம் சுருங்குமே என்று நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவது. நல்ல குணம் என்றுதான் பெயர். நூறு வருஷமாக இங்கே இருக்கிற எங்களுக்கும் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டுக்கு வந்தவர் கிளம்பவில்லையே என்றால்கூட இன்னொரு டீ போடுவோமே தவிர, கடிகாரத்தைப் பார்க்க மாட்டோம்.

மறுநாள் காலை ஏழரை மணி சுமாருக்குத் திரும்பினோம். மேற்கே போகிறோம், சூரியன் வண்டிகளின் பின்னால் இருந்தது. பாலத்துக்கு முன் ஜீப்பை நிறுத்தி, வழக்கம்போல ஓட்டுகிறவனைத் தவிர மற்றவர்கள் இறங்கினோம். நானும் மகளும் மரத்தின் மேல் கால் வைத்து அக்கரை போனோம். பாய் பின்னால் பிக்கப்பில் இருந்தார். நான் திரும்பி ஜீப்பைப் பார்த்து நின்றேன்.

சூரியன் நேராக என் முகத்தில் அடித்தது. ஓடையிலிருந்து பனி வேறு எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே ஜீப்பும் இல்லை, பாலமும் இல்லை, வெள்ளையாக ஒரு கூச்சம் மட்டும்தான் இருந்தது. அதற்குள்ளிருந்து எஞ்சின் சத்தம் வந்தது. கண்ணை இடுக்கினேன், கையைப் புருவத்தின் மேல் வைத்தேன். ஜீப்பின் வலது சக்கரத்துக்கான மரங்கள் ஏதோ கோடு மாதிரித் தெரிந்தன. இடது சக்கரத்துக்கான மரங்கள் சுத்தமாகத் தெரியவில்லை.

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கையை முஷ்டியாக மடக்கி உயர்த்தினால் நில் என்று அர்த்தம். குழந்தைகூடச் செய்யும். ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். பதினோரு வருஷம் நின்ற இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பார். இதெல்லாம் யோசிக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. என் கை தானாக முன்னும் பின்னும் அசைந்தது. "யதே, லா, லா" என்று வாயும் சொன்னது. சரியாக இருக்கிறது, வா, வா என்று அர்த்தம்.

ஜீப் வந்தது. எஞ்சின் சத்தத்தை வைத்து, பாதிப் பாலம் வந்துவிட்டது என்று கணக்குப் போட்டேன். என் பக்கத்தில் நின்றவள் என் கையைப் பார்த்தாள், ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். இதைப் பின்னால் அவளே சொன்னாள். அப்புறம் திடீரென்று, எங்களிடம் ஒருநாளும் தமிழில் வாய் திறக்காத பெண், "அப்பா! நில்லுப்பா!" என்று காடே அதிரக் கத்தினாள்.

பிரேக் சத்தமும் மரம் உருளும் சத்தமும் ஒன்றாக வந்தன. முன்னிடது சக்கரம் மரத்தின் விளிம்பை விட்டு இறங்கி, வெளி மரம் உருண்டு, ஜீப் இடது பக்கம் சாய்ந்து, அடிப்பக்க இரும்பு உள் மரத்தில் உட்கார்ந்து நின்றுவிட்டது. இன்னும் ஒரு ஜாண் வந்திருந்தால் தலைகீழாகப் பாறைமேல் விழுந்திருக்கும். அது கித்தான் கூரை போட்ட ஜீப். உள்ளே இருப்பவனைக் காப்பாற்ற மேலே ஒன்றும் கிடையாது.

என் நண்பன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பாய் ஓடிவந்து, "அவசரப்படாத தம்பி, வலது கதவைத் தொற, மொள்ள, மொள்ள" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கதவு வானத்தைப் பார்த்து இருந்தது. அவன் அதைத் தள்ளித் திறந்து, உடம்பை வெளியே இழுத்து, மரத்தின் மேல் குப்புறப் படுத்து, தவழ்ந்து எங்கள் பக்கம் வந்தான். இதெல்லாம் பிறகு அவர்கள் சொல்லித் தெரிந்தது, அந்த இரண்டு நிமிஷமும் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் பெரிய கொடுமை. என் நண்பன் உயிரோடு வருகிறானா என்பதைக்கூட, அவன் மகள் மூச்சு விடுகிற விதத்தை வைத்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவன் கை என் தோளில் பட்டபோது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மாட்டுவண்டியோடு வந்தார். பாய் பிக்கப்பில் கயிறு கட்டி ஜீப்பைப் பின்னால் இழுத்துப் பிடிக்க, பெரியவர் ஒரு பெரிய கழியை நெம்புகோலாக வைத்துச் சக்கரத்தைத் தூக்க, ஒன்றரை மணி நேரத்தில் ஜீப் வந்த பக்கமே கரையேறியது. "ஊலே, உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் கொடுத்துட்டோம்" என்று என் நண்பன் பர்மிய மொழியில் சொன்னான். வயதில் பெரியவர்களை மாமா என்கிற மாதிரி மரியாதையாகக் கூப்பிடுவதுதான் ஊலே. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, மழை நின்ற பிறகு யாரும் அந்தப் பாலத்தில் வண்டி ஏற்றுவதில்லை, கீழே கொஞ்ச தூரத்தில் ஓடைக்குள்ளேயே இறங்கி ஏறலாமே என்றார். நேற்று எங்கள் வண்டிகள் போனபோது பார்த்தாராம். பட்டணத்துக்காரர்கள், அவர்களுக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டாராம்.

அவர் போனபின் பாய் டீ போட்டார். நாலு பேரும் ஓடையோரம் உட்கார்ந்தோம். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெயில் முகத்தில் அடித்திருக்கும், மரம் இற்றுப்போயிருக்கும் என்று பாய் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"மரம் இத்துப்போகலடா. எனக்குக் கண்ணு தெரியல" என்றேன்.

என் நண்பன் கப்பைக் கீழே வைத்தான். "தெரியும்டா" என்றான்.

"எப்பலேந்து?"

"மழை சமயத்துலேந்து. கடைக்கு வந்தப்ப, மாத்திரை அட்டையைத் தலைகீழாப் புடிச்சுப் படிச்சுக்கிட்டிருந்த. நேத்து அந்தப் பஸ் முன்னால ரோடு ரெண்டு மைலுக்கு வெறிச்சுனு கிடந்துச்சு, நீ இரு இருன்னுக்கிட்டிருந்த."

"தெரிஞ்சும் என் கையைப் பாத்தா ஓட்டுன?"

அவன் கீழே வைத்த கப்பை மறுபடி கையில் எடுத்தான். பிறகு, "உன்ன நகரச் சொல்லிட்டு வேற ஆள நிக்க வெக்க எனக்கு ஆனாதேயா இருந்துச்சுடா" என்றான். பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருந்தது என்று அதிலேயே புரிந்துவிட்டது.

ஒருவன் என் முகம் சுருங்கக் கூடாது என்பதற்காகக் குருடன் கையைப் பார்த்துப் பத்தடிப் பள்ளத்தின் மேல் ஜீப் ஓட்டியிருக்கிறான். இதை அன்பு என்பதா, பைத்தியக்காரத்தனம் என்பதா? அந்தக் கேள்விக்கு அவன் மகள்தான் பதில் சொன்னாள். எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. பாதி பர்மிய மொழி, பாதி உடைந்த தமிழ்.

"மாமா, நேத்து கப்புக்கு வெளிய ஊத்துனீங்க. நான் பாத்தேன். சொன்னா நீங்க வெக்கப்படுவீங்கன்னு சும்மா இருந்தேன். அப்பாவுக்கும் தெரியும், பாய் மாமாவுக்கும் தெரியும், அந்த ஊலேக்குக்கூடப் பாலம் தெரியும். எல்லாருக்கும் ஆனாதே. எங்கப்பா அங்க விழுந்திருந்தா, உங்க எல்லாரோட ஆனாதேயை வெச்சுக்கிட்டு நான் வீட்டுல எங்கம்மாகிட்ட என்னா சொல்றது?"

இருக்கிற மூன்று ஆண்களின் வயதையும் கூட்டினால் நூற்றைம்பதுக்கு மேல் வரும், ஆளுக்கொரு பக்கம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பெரியவர் சொன்ன இடத்தில் ஓடைக்குள் இறங்கி ஏறித் திரும்பி வரும்போது அவள் ஒன்றும் கேட்காமல் இடது ஸீட்டில் ஏறிக்கொண்டாள். நான் கூடாரத்தோடும் அடுப்போடும் பின்னால் உட்கார்ந்தேன். இத்தனை மாதம் எதை இழந்துவிடக் கூடாது என்று பொய் சொல்லித் திரிந்தேனோ, அது அரை நாளில் போய்விட்டது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், மாவ்பி வருவதற்குள் நான் தூங்கிப்போனேன். வண்டியில் தூங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது.

மறுநாளே என் மனைவியோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணில் முற்றிப்போயிருந்தது. டாக்டரம்மா, எப்போதிலிருந்து என்று கேட்டார். மழைக்காலத்திலிருந்து என்றேன். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றார். என் மனைவி, "வோல்டேஜ் கம்மின்னாரு" என்றாள். அவளுக்கு அன்று ஆனாதே இல்லை. ஆபீஸிலும் போய்ச் சொன்னேன். மேனேஜர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். தன் அம்மாவுக்கு அதே ஆபரேஷன் செய்த கதையை அரை மணி நேரம் சொல்லி, ஒரு மாதம் லீவு எழுதிக்கொடுத்தார். நான் பயந்து பயந்து கட்டிவைத்திருந்த பூதம் அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து, இரண்டு கண்ணும் தெளிந்த பிறகு நண்பன் கடைக்குப் போனேன். அவன் மகள் கல்லாவில் இருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டி, "படிங்க மாமா" என்றாள். சின்ன எழுத்துகூட விடாமல் படித்தேன். சிரித்துவிட்டாள். அன்று நான் கேட்க நினைத்த மன்னிப்பைக் கேட்காமலே திரும்பினேன், பிறகு ஒருநாள் தனியாகக் கேட்டேன்.

இப்போதெல்லாம் நாடு இருக்கிற நிலைமையில் முன்போல நினைத்த காட்டுக்குள் போக முடிவதில்லை. எப்போதாவது மாவ்பி பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சேற்றுப்பாதையில் ஒரு நாள் சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறோம். இடது ஸீட்டை அவர்களாகவே எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பள்ளம் வந்தால் இப்போதும் நான்தான் இறங்கி எதிரே நிற்கிறேன். ஆனால் ஒரு சின்ன மாற்றம். நான் கையைத் தூக்குவதற்கு முன் என் நண்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எத்தனை பேர் இருந்தாலும் கூசாமல், "டேய், நல்லாத் தெரியுதாடா?" என்று கத்துவான். சில சமயம் "தெரியுது, வா" என்பேன். சில சமயம் "தெரியல, இரு" என்று சொல்லிவிட்டு, போய்க் குனிந்து கையால் தடவிப் பார்ப்பேன். எங்கள் ஊர் வழக்கப்படி அது நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாத கேள்வி. எனக்கோ, நாற்பது வருஷப் பழக்கத்தில் அவன் எனக்குக் கொடுத்த ஆகப் பெரிய மரியாதை அதுதான் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.